வீட்டில் ஓடும் மருத்துவக் கருவிக்கு மின்கட்டண உதவி: சிட்னியில் விண்ணப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வந்த பிறகு வந்த முதல் மின்சார பில்லைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தெரிந்தவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பெற வேண்டிய மூன்று விஷயங்களை ஒன்று என்று நினைத்துக்கொண்டு, ஒன்றை வாங்கியதும் மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இது நியூ சவுத் வேல்ஸில் இருப்பவர்களுக்கு எழுதியது. மெல்பர்ன், பிரிஸ்பேன்காரர்களுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதி உண்டு. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வரிசை மாறினால் டாக்டரிடம் இரண்டு தடவை போக வேண்டிவரும்.

1. மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

முதலாவது, லைஃப் சப்போர்ட் பதிவு. இதில் ஒரு காசும் கிடைக்காது. இந்த வீட்டில் உயிர்காக்கும் கருவி ஓடுகிறது, கரண்டைத் துண்டிக்கக் கூடாது, கம்பி வேலைக்காக நிறுத்துவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மின்சாரக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் பதிவு இது.

இரண்டாவது, மாநில அரசின் லைஃப் சப்போர்ட் ரிபேட். இதுதான் பில்லில் கழியும் பணம். எந்தக் கருவி, ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து நாள் கணக்கில் ஒரு தொகை. ஒவ்வொரு பில்லிலும் வரவாகக் காட்டுவார்கள்.

மூன்றாவது, மத்திய அரசு தன் நலத்தொகை அலுவலகமான சென்டர்லிங்க் வழியாக வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பணம். அதன் பெயர் எசென்ஷியல் மெடிக்கல் எக்விப்மென்ட் பேமென்ட். நீளமான பெயர் என்பதால் இனி சென்டர்லிங்க் பணம் என்றே சொல்கிறேன்.

முதல் இரண்டிலும் ‘லைஃப் சப்போர்ட்’ என்ற சொல் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். “நாங்கள் லைஃப் சப்போர்ட்டில் பதிந்துவிட்டோமே, பில் ஏன் குறையவில்லை?” என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். பதிவு செய்தார்கள், ரிபேட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. அவ்வளவுதான்.

2. யாருக்கு எது கிடைக்கும்

மாநில ரிபேட்டுக்குச் சலுகை அட்டை வேண்டாம், வருமான வரம்பும் இல்லை. கருவி அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்துபவர் அதே முகவரியில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், டாக்டர் சான்று தர வேண்டும். நம்மவர்களுக்கு இது பெரிய விஷயம். பெற்றோர் விசாவில் வந்த பலருக்குப் பத்து வருட வசிப்பு முடியும்வரை முதியோர் ஓய்வூதியமும் இல்லை, அதோடு வரும் அட்டையும் இல்லை. “அம்மாவிடம் கார்டு கிடையாது, நமக்கு ஒன்றும் வராது” என்று முடிவு கட்டி, வருடக்கணக்கில் விண்ணப்பிக்காமலே இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப், பைபாப் கருவிகள், வென்டிலேட்டர், வீட்டு டயாலிசிஸ் இயந்திரம், குழாய் வழி உணவு ஏற்றும் பம்ப், இதய பம்ப், ஒளிச் சிகிச்சைக் கருவி ஆகியவை இருக்கின்றன. கைகால் நான்கும் செயலிழந்தவர்களின் மின் சக்கர நாற்காலியும் உண்டு. சிபாப் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாநிலத்தில் சேரும்.

சென்டர்லிங்க் பணத்துக்கு அட்டை கட்டாயம். பென்ஷனர் கன்செஷன் கார்டு அல்லது ஹெல்த் கேர் கார்டு இருந்தால் தைரியமாக விண்ணப்பிக்கலாம். அந்த வீட்டின் மின்சாரச் செலவை நீங்களோ உங்கள் குடும்பமோ ஏற்பதாகவும் இருக்க வேண்டும். ஒரு கருவிக்கு ஒரு தொகை என்பதால், கான்சன்ட்ரேட்டரும் பைபாப்பும் இருக்கும் வீட்டில் இரண்டையும் எழுத வேண்டும். உடல் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ள முடியாத நோய்களுக்கு, மருத்துவக் காரணத்துக்காக ஓட்டும் ஏசியும் ஹீட்டரும்கூட இதில் அடங்கும்.

வெப்பச் சிக்கலுக்கு மாநிலத்திலும் மெடிக்கல் எனர்ஜி ரிபேட் என்று ஒன்று தனியாக இருக்கிறது. வருடத்துக்கு 285 டாலர். ஆனால் பில் யார் பெயரில் வருகிறதோ அவரிடமே சலுகை அட்டை இருக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ரிபேட்டும் அதே 285 டாலர், அதே நிபந்தனை. பில் மகன் பெயரில், அட்டை அம்மாவிடம் என்றால் இந்த இரண்டும் வராது. ஆனால் லைஃப் சப்போர்ட் ரிபேட்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. கணக்கு மகன் பெயரில் இருந்தாலும், அதே வீட்டில் வசிக்கும் அம்மாவுக்காக வாங்கலாம்.

இந்த 285 டாலருக்காக மின்கணக்கை அம்மா பெயருக்கு மாற்றச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் உண்டு. அது உண்மையிலேயே அம்மா கட்டும் பில்லாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் கடனும் பாக்கியும் எண்பது வயதுக்காரரின் பெயரில் நிற்கும். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

3. போன் எடுப்பதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

சமீபத்திய மின்சார பில் ஒன்று. அதில் கணக்கு எண் தவிர என்எம்ஐ என்று ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் மின் இணைப்பின் அடையாளம். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அது மாறாது, அதனால் பதிவு சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறதா என்று பார்க்க உதவும்.

அதே பில்லில் ‘கோளாறு மற்றும் அவசரம்’ என்று வேறொரு கம்பெனியின் எண்ணும் இருக்கும். பில் அனுப்பும் கம்பெனி வேறு, தெருக் கம்பிகளை வைத்திருக்கும் கம்பெனி வேறு. மேற்கு சிட்னியில் கம்பிகள் எண்டெவர் எனர்ஜியுடையவை. நகரின் கிழக்குப் பகுதியிலும் சென்ட்ரல் கோஸ்ட், நியூகாசில் பக்கமும் ஆஸ்கிரிட். கிராமப்புறங்களில் பெரும்பாலும் எசென்ஷியல் எனர்ஜி.

கருவியின் பெயர், மாடல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயன்படுத்தச் சொல்லி மருத்துவர் எழுதிய சீட்டு. சலுகை அட்டை இருந்தால் அதுவும்.

இனி பெயர் விஷயம். இது நம் சமூகத்துக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். மெடிகேர் அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். சென்டர்லிங்கில் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறி நிற்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள், கணினிக்கு நான்கு பேர்.

எனவே அட்டையில் என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ, அதையே மூன்று படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். அட்டை இல்லையென்றால் மெடிகேரில் உள்ளபடி. டாக்டரின் கிளினிக்கில் வேறு மாதிரி இருந்தால், படிவம் நிரப்புவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் சொல்லித் திருத்துங்கள். அவர்கள் பதிவில் இருக்கும் பெயர்தான் படிவத்தில் அச்சாகி வரும்.

4. கருவி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

இந்தக் கணக்கை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். உங்களுக்காகத்தான். பில் ஏறியது கருவியாலா, ஹீட்டராலா என்று தெரியாமல் அல்லாடுகிறவர்கள் நிறையப் பேர்.

நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் ஏறக்குறைய 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். 350 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட், வருடத்துக்கு 3,066 யூனிட். இங்கே பில்லில் கிலோவாட் அவர் என்று போடுவதும் நம் ஊர் யூனிட்டும் ஒன்றுதான். யூனிட் 35 சென்ட் என்றால் வருடத்துக்கு 1,073 டாலர். பதினாறு மணி நேரம் மட்டும் ஓடினால் ஏறக்குறைய 715 டாலர்.

சிபாப் கதை வேறு. ஈரமூட்டியோடு சேர்த்து 60 வாட், இரவு எட்டு மணி நேரம் என்றால் அரை யூனிட்டுக்கும் குறைவு. வருடத்துக்கு 60 டாலர் அளவில்தான் வரும். சிபாப் மட்டும் இருக்கும் வீட்டில் பில் இருநூறு டாலர் ஏறினால் திருடன் வேறு எங்கோ இருக்கிறான். பழைய ஃப்ரிட்ஜையும் தண்ணீர் சூடாக்கியையும் முதலில் பாருங்கள்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், பிளக்கில் செருகும் சிறு மின்மீட்டர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. சில நூலகங்கள் இரவலும் தருகின்றன. கருவியை நிறுத்திவிட்டு மீட்டரைச் செருகும் வேலையை நோயாளி அருகில் இல்லாத நேரத்தில், அல்லது மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் கைவசம் இருக்கும்போது செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கான்சன்ட்ரேட்டர் சூடான காற்றை வெளியே தள்ளும். பூட்டிய சிறு அறையில் ஜனவரி மாதம் அது ஓடினால், அந்தச் சூட்டைப் போக்க ஏசியும் ஓடும். அந்தச் செலவு எந்தப் படிவத்திலும் வராது. கதவு திறந்த கூடத்தில் கருவியை வைத்து, நீளமான குழாய் போடலாமா என்று ஆக்சிஜன் கம்பெனியிடமே கேளுங்கள். தாங்களாகக் குழாயை நீட்டாதீர்கள்.

பில்லைப் பார்த்துப் பயந்து சில பெரியவர்கள் யாருக்கும் சொல்லாமல் பகலில் கருவியை நிறுத்திவிடுகிறார்கள். என் அம்மாவும் செய்தார். கருவியில் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வாரம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

5. முதல் போன்: பில் அனுப்பும் கம்பெனிக்கு

“இந்த முகவரியில் லைஃப் சப்போர்ட் கருவி இருக்கிறது, பதிவு செய்ய வேண்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும். ஆங்கிலம் தடையானால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொல்லுங்கள். அல்லது கம்பெனியிடமே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தலையாட்டிக்கொண்டே தப்பாக ஒப்புக்கொள்வதைவிட அது மேல்.

நீங்கள் சொன்னதுமே பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. அதற்காகத்தான் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன். ஐந்து வேலை நாட்களுக்குள் மருத்துவ உறுதிப் படிவத்தை அவர்கள் அனுப்ப வேண்டும். அதை டாக்டரிடம் நிரப்பித் திருப்ப உங்களுக்குக் குறைந்தது 50 வேலை நாட்கள் உண்டு. போதாவிட்டால் கேட்டால் இன்னும் 25 வேலை நாட்கள் தர வேண்டும். இரண்டு நினைவூட்டல் கடிதங்களாவது வரும். அப்போதும் திருப்பாவிட்டால் பெயரை நீக்கலாம். அந்தக் கடிதங்கள் விளம்பரத் தபாலோடு போய்க் குப்பையில் விழுவதுதான் வழக்கமான விபத்து. மின்னஞ்சலில் வருவதானால் யாருடைய மின்னஞ்சலுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே அழைப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். ரிபேட் விண்ணப்பப் படிவத்தை எங்கே எடுப்பது? இந்தப் பதிவைக் கம்பிக் கம்பெனிக்கு நீங்கள் தெரிவிப்பீர்களா? அழைப்பின் குறிப்பு எண் என்ன? குறிப்பு எண்ணையும் தேதியையும் பில்லின் மேலேயே எழுதி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ஒரு வாரம் கழித்துக் கம்பிக் கம்பெனியையும் கூப்பிட்டு, என்எம்ஐ எண்ணைச் சொல்லி, பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லி அனுப்புவது பில் கம்பெனியின் சட்டப்படியான கடமை. ஆனாலும் கரண்டை நிறுத்துகிறவர் வேறு ஆள் என்பதால், நிறுத்துகிறவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

6. மூன்று படிவத்தையும் சேர்த்து ஒரே தடவையில் டாக்டரிடம்

பதிவுக்கான உறுதிப் படிவம், ரிபேட் விண்ணப்பம், சென்டர்லிங்க் படிவம். மூன்றிலும் டாக்டர் நிரப்ப ஒரு பகுதி இருக்கிறது. மூன்றும் கையில் வந்த பிறகுதான் நேரம் வாங்குங்கள், நீண்ட சந்திப்பு என்று சொல்லியே வாங்குங்கள். பதினைந்து நிமிடத்தில் சளிக்கும் மருந்து கேட்டு, இதையும் நீட்டினால், கட்டங்கள் காலியாகவே திரும்பி வரும்.

பொதுவாக உங்கள் குடும்ப டாக்டரே கையெழுத்திடலாம். நுரையீரல் நிபுணரின் கடிதத்தை உடன் கொண்டுபோனால், அவர் யோசிக்காமல் எழுதுவார்.

உங்கள் பகுதியை முதலிலேயே நிரப்பிவிடுங்கள். பிறகு கிளினிக்கை விட்டு வெளியே வரும் முன், நாற்காலியிலேயே உட்கார்ந்து மூன்று இடங்களைச் சரிபாருங்கள்.

மணி நேரம். ரிபேட்டில் நாள் முழுக்க ஓடும் கருவிக்கு ஒரு விகிதம், அதற்குக் குறைவாக ஓடுவதற்கு வேறு விகிதம். டாக்டர் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பும், அவசரத்தில் தப்பாக டிக் அடித்தால் வருடம் முழுக்கக் குறைவாகவே வரும். அதற்காகப் பதினாறு மணி நேரம் எழுதித் தந்ததை இருபத்து நான்கு என்று போடச் சொல்லாதீர்கள். சீட்டில் உள்ளதே படிவத்திலும் வர வேண்டும்.

டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும். கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு இதை மறப்பது சகஜம்.

கருவிகளின் எண்ணிக்கை. இரண்டு கருவி இருந்தால் இரண்டும் இருக்கிறதா?

பிறகு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்காமல் அனுப்பிவிட்டு, “கிடைக்கவில்லை” என்ற பதிலுக்கு மறுபடி டாக்டரிடம் ஓடியவர்கள் என் பட்டியலில் நான்கு பேர். முதல் ஆள் நான்.

7. ரிபேட் விண்ணப்பத்தை அனுப்புதல்

சொந்த மீட்டரும் சொந்த பில்லும் இருப்பவர்கள் பில் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். அரசாங்கத்தின் பணம், ஆனால் கழிப்பது கம்பெனி. அதனால் அரசு அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை.

அடுக்குமாடி, முதியோர் குடியிருப்பு, கேரவன் பார்க் ஆகியவற்றில் சிலருக்குக் கட்டட நிர்வாகமே கரண்டை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும். அப்படியானால் வழி வேறு. மாநில அரசின் சேவை மையமான சர்வீஸ் என்எஸ்டபிள்யூ மூலம் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். உங்கள் பில்லை அனுப்புவது தெரிந்த மின்சாரக் கம்பெனியா, கட்டட நிர்வாகம் சார்ந்த பெயரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் 13 77 88 என்ற எண்ணில் கேட்கலாம்.

வீட்டின் பின்னால் கிரானி பிளாட்டில் பெற்றோர் இருந்து, மீட்டர் ஒன்றாக இருந்தால், கணக்கு உங்கள் பெயரிலும் பயனாளி அவர்கள் பெயரிலும் போகும். முகவரியை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் இடத்தில் வீட்டு எண் மட்டும், இன்னோர் இடத்தில் ‘ஏ’ சேர்த்து என்று எழுதினால் இரண்டு வீடாகப் பார்ப்பார்கள்.

தாமதித்துவிட்டு, பழைய பில்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். படிவம் போன நாளிலிருந்துதான் என்று எண்ணிக்கொண்டு சீக்கிரம் அனுப்புங்கள். இதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். எப்போது முடிகிறது என்று ஒப்புதல் வரும்போதே கேட்டு, காலண்டரில் அதற்கு ஒரு மாதம் முன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

8. சென்டர்லிங்க் பணம்

மைகவ் என்ற மத்திய அரசின் ஆன்லைன் கணக்கில் சென்டர்லிங்க் இணைந்திருந்தால் அங்கிருந்தே செய்யலாம். இல்லையென்றால் படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுக்கலாம். பெரியவர்களின் மைகவ் கணக்கில் கடவுச்சொல் மறந்து பூட்டிக்கொள்வதைப் பார்த்துச் சலித்துப்போய், இப்போதெல்லாம் நான் காகிதத்தையே சிபாரிசு செய்கிறேன்.

மாநில ரிபேட் வாங்குகிறோமே, இதுவும் வாங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அரசின் பணம், இரண்டையும் வாங்கலாம். ஆனால் ஒரே கருவிக்கு நோயாளியும் பராமரிப்பவரும் தனித்தனியாகக் கேட்கக் கூடாது.

தொகை ஆண்டுதோறும் திருத்தப்படும். நாள் முழுக்க ஓடும் கான்சன்ட்ரேட்டரின் செலவில் ஒரு பகுதியைத்தான் அது தாங்கும், சிபாப் செலவையோ முழுதாகவே தாங்கிவிடும்.

9. அடுத்த பில்லைப் படியுங்கள்

ரிபேட் ஒப்புதலான பிறகு வரும் பில்லில் வரவு வரிசையில் அது தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே கூப்பிடுங்கள். நாள் கணக்கு என்பதால் முதல் பில்லில் தொகை சிறியதாக இருக்கலாம். இரண்டாவது பில்தான் உண்மையான அளவு.

பில் திட்டத்தையும் இப்போது பாருங்கள். நேரத்துக்கு ஒரு விலை வைக்கும் திட்டத்தில் மாலை நேர யூனிட் விலை மிக அதிகம். துணி துவைப்பதை இரவுக்குத் தள்ளலாம், மூச்சைத் தள்ள முடியுமா? நாள் முழுக்க ஓடும் கருவி உள்ள வீட்டுக்கு எப்போதும் ஒரே விலை என்ற திட்டம் சில சமயம் மலிவாக விழும், சில சமயம் விழாது. அரசின் எனர்ஜி மேட் ஈஸி தளத்தில் உங்கள் பில்லின் யூனிட்டைப் போட்டு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் சூடாக்கிக்கென்று தனியாக மலிவு விலையில் வரும் இணைப்பில் மருத்துவக் கருவியை மாட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இணைப்பைக் கம்பெனியே குறிப்பிட்ட நேரங்களில் அணைத்துவிடும்.

பில் ஏற்கெனவே தேங்கி நின்றால், கம்பெனியின் கஷ்டகால உதவித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், தவணை போடுவார்கள். அவசர நிலையில், பில்லைக் கட்ட உதவும் ஈபா வவுச்சர்கள் சர்வீஸ் என்எஸ்டபிள்யூ வழியாகக் கிடைக்கும்.

10. கம்பெனி மாறினால், வீடு மாறினால்

இங்கேதான் நானே வழுக்கி விழுந்தேன். விலை குறைவு என்று வேறு கம்பெனிக்கு மாறினேன். மாற்றும்போது ஆன்லைனில் ‘லைஃப் சப்போர்ட் கருவி உண்டா’ என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொன்னேன். பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புதிய கம்பெனி அனுப்பிய மருத்துவப் படிவம் நான் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. ரிபேட்டும் நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்து பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பதிவும் ரிபேட்டும் உங்களோடு தானாக வராது. புதிய கம்பெனியிடம் இரண்டையும் மறுபடி தொடங்க வேண்டும். பதிவுக்காக டாக்டரிடம் போவதை மட்டும் தவிர்க்கலாம்: பழைய கம்பெனியிடம் முன்பு கொடுத்த மருத்துவ உறுதிப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் புதியவர்களுக்குக் கொடுக்கலாம்.

வீடு மாறினாலும் இதே கதைதான், ஏனென்றால் பதிவு மீட்டரோடு ஒட்டியது. புது வீட்டில் கரண்ட் இணைப்புக் கேட்கும் அதே போனில் சொல்லிவிடுங்கள். சென்டர்லிங்குக்கும் முகவரி மாற்றம் தெரிய வேண்டும்.

11. கரண்ட் போகும் நாளுக்கு

பதிவு இருந்தால், திட்டமிட்டு நிறுத்தும் வேலைக்குக் குறைந்தது நான்கு வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிப்பு வரும். புயலில் மரம் விழுந்தால் யாரும் அறிவிக்க முடியாது. பதிவு செய்த வீடு என்பதால் கரண்ட் போகாது என்று எண்ணுவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகவும் ஆபத்தானது.

ஆக்சிஜன் கம்பெனியிடம் மாற்று சிலிண்டர் கேளுங்கள். அது எத்தனை மணி நேரம் வரும் என்று உங்கள் ஆக்சிஜன் ஓட்ட அளவுக்குக் கணக்குப் போட்டுச் சிலிண்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாட்டிப் பார்க்கும் ஒத்திகையை வீட்டில் இரண்டு பேராவது செய்திருக்க வேண்டும். கம்பிக் கம்பெனியின் அவசர எண்ணைக் கருவிக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள். மூச்சு திணறினால் எந்தக் கம்பெனியையும் கூப்பிட வேண்டாம், 000 தான்.

12. மறுத்தால்

பெரும்பாலும் மறுப்பு என்பது காலியான ஒரு கட்டம்தான். எந்தக் கட்டம் என்று கேட்டுத் திருத்தி அனுப்புங்கள். கம்பெனி இழுத்தடித்தால், முதலில் அவர்களிடமே புகார் என்று சொல்லிப் பதியுங்கள். சரியாகாவிட்டால் மின்சார மற்றும் நீர்க் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை 1800 246 545 என்ற எண்ணில் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. குறிப்பு எண்கள் எழுதிய அந்தப் பில் இப்போது பயன்படும்.

13. மற்ற மாநிலங்கள்

விக்டோரியாவில் லைஃப் சப்போர்ட் சலுகைக்கு அட்டை வேண்டும். வருடத்துக்கு 1,880 யூனிட்டின் விலைக்குச் சமமான தள்ளுபடி. கான்சன்ட்ரேட்டரும் டயாலிசிஸ் இயந்திரமும் சேரும். மற்ற கருவிகள் வருடத்துக்குக் குறைந்தது 1,880 யூனிட் இழுத்தால்தான், அதனால் சாதாரண சிபாப் தேறாது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், அது 175 யூனிட்தான். வெப்பச் சிக்கல் உள்ளவர்களுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 17.5 சதவீதக் கழிவு தனியாக உண்டு.

குயின்ஸ்லாந்தில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், டயாலிசிஸ் இரண்டுக்குத்தான் மாநிலத்தின் லைஃப் சப்போர்ட் உதவி. சென்டர்லிங்க் பணம் எல்லா மாநிலத்துக்கும் பொது.

14. கருவி திரும்பிப் போகும்போது

நோயாளி குணமாகலாம், முதியோர் இல்லத்துக்குப் போகலாம், காலமாகலாம். எதுவானாலும் பில் கம்பெனிக்கும் சென்டர்லிங்குக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ரிபேட் தொடர்ந்து வந்து, பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

இந்த போன்களைப் பிள்ளைகள் செய்ய முடியாத நிலையில் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ கணக்கில் பேச அனுமதி பெற்றவராக இருந்தால் அவரே சொல்லிவிடலாம். எனவே முதல் போன் செய்யும் அன்றே, கணக்கில் பேச அனுமதியுள்ள இரண்டாவது ஆளாக ஒருவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.